கிடங்கு வேலையில் ரேட் (இவ்வளவு நேரத்தில் இத்தனை பொருள் என்ற இலக்கு) வரவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்களா? முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள்

கலிபோர்னியாவில் தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கிற வக்கீல் நான். சமீபத்தில் கிடங்கில் வேலை செய்யும் ஒரு பெண் வந்து, எச்சரிக்கைக் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்தார். பொருள்களைப் பதிவு செய்யும் அவருடைய ஸ்கேனர் 14 நிமிடம் எதையும் ஸ்கேன் செய்யவில்லையாம். அந்த நேரத்தில் எங்கே போனீர்கள் என்று கேட்டேன். கழிப்பறைக்கு. அது கிடங்கின் மறுகோடியில் இருக்கிறது, நடந்து போக 5 நிமிடம், திரும்பி வர 5 நிமிடம். கடிதம் வந்த நாளிலிருந்து வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டதாகச் சொன்னார், கேட்டு மனசே ஆறவில்லை.

இங்கே 2022 ஜனவரி 1 முதல் ஏபி 701 என்ற சட்டம் இருக்கிறது. ஒரே கிடங்கில் குறைந்தது 100 பேர், அல்லது மாநிலம் முழுக்க உள்ள கிடங்குகளில் 1,000 பேர் வேலை செய்தால் அந்த நிறுவனத்துக்கு இது பொருந்தும். எவ்வளவு நேரத்தில் எத்தனை பொருள், எட்டாவிட்டால் என்ன நடவடிக்கை என்பதை எழுத்தில் தர வேண்டும்; தராத இலக்கைக் காட்டி யார் மீதும் கை வைக்க முடியாது. சாப்பாட்டு இடைவேளை, ஓய்வு, கழிப்பறை எதையும் இலக்கு தடுக்கக் கூடாது. கழிப்பறைக்கு நடந்து போய் வரும் நேரமும் இதில் சேர்த்தி, அதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

"எங்களிடம் இலக்கே கிடையாது, சக ஊழியர்களோடு ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான்" என்று நிறுவனங்கள் சொல்லும். அமேசானும் அப்படித்தான் வாதாடியது. மொரீனோ வேலி, ரெட்லண்ட்ஸ் ஊர்களில் உள்ள அதன் இரண்டு கிடங்குகளுக்கு 2024-இல் மாநிலத் தொழிலாளர் ஆணையர் கிட்டத்தட்ட 59 லட்சம் டாலர் அபராதம் போட்டார். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? இலக்கால் உங்கள் இடைவேளை பறிபோனது என்று நினைத்தால், இலக்கு என்ன என்பதையும் உங்களுடைய கடைசி 90 நாள் வேலை வேகப் பதிவையும் நிறுவனத்திடம் கேளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் தேதிக்குச் சாட்சி இருக்கும். 21 நாளுக்குள் அவர்கள் தந்தாக வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களும் ஒருமுறை கேட்கலாம். கேட்டால் வேலை போய்விடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள், அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கேட்ட 90 நாளுக்குள் நடவடிக்கை எடுத்தால் சட்டம் அதைப் பழிவாங்கல் என்றே எடுத்துக்கொள்ளும், இல்லையென்று காட்ட வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது.

அந்தப் பெண்ணும் கேட்டார். பதிவு 19ஆம் நாள் வந்தது. 14 நிமிட இடைவெளி அதில் இருந்தது. அதற்கு முன் நாலு மணி நேரத்துக்கு மேல் அவருடைய ஸ்கேனர் ஒரு நிமிடம்கூட ஓயவில்லை என்பதும் அதே தாளில் இருந்தது.