வைக்கோலுக்குள் பூட்டிக் கிடக்கும் சீனி

பெரும்போக நெல்லை அறுத்து முடிந்ததும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வட்டைகளில் வைக்கோல் மலிந்து கிடக்கும். அதன் உலர்ந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செலுலோசு. செலுலோசு என்பது முழுக்க முழுக்கக் குளுக்கோசு. சோற்றிலுள்ள மாப்பொருளும் அதே குளுக்கோசால் ஆனதுதான். ஆனால் சோறு வாயில் மெல்லும்போதே இனிக்கத் தொடங்குகிறது. வைக்கோலையோ மாடு நாள்கணக்கில் வயிற்றில் ஊறப்போட வேண்டியிருக்கிறது.

வித்தியாசம் கண்ணிகள் கோக்கப்பட்ட திசையில் இருக்கிறது. மாப்பொருளில் எல்லாக் குளுக்கோசும் ஒரே பக்கம் பார்ப்பதால் சங்கிலி சுருண்டு நிற்கும். இடையில் தண்ணீர் புகும். செலுலோசில் ஒன்றுவிட்ட ஒன்று தலைகீழாகத் திரும்பியிருப்பதால் சங்கிலி நேராக நீளும். பக்கத்துச் சங்கிலிகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒட்டித் தாளாகின்றன. தாள்கள், பன்பாய்களை அடுக்கி வைத்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாக இறுகுகின்றன. குளுக்கோசுகளுக்கு இடையிலான பிணைப்பும் இலேசில் அறாது. வினையை விரைவாக்கும் புரதமான நொதியம் (என்சைம்) இல்லாமல், 25 பாகை வெப்பத்தில் வெறும் தண்ணீரில் அவற்றில் பாதி அறுவதற்குச் சுமார் 50 இலட்சம் ஆண்டுகள் செல்லும்.

இதை அறுக்கும் நொதியங்களில் மிக நன்றாக ஆராயப்பட்டது ட்ரைக்கோடேர்மா ரீசி என்ற பங்கசினுடையது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களை அரித்ததால் கையில் அகப்பட்ட பங்கசு இது. அதன் முதன்மை நொதியமான செல்7ஏ இரண்டு துண்டாக இருக்கிறது. ஒன்று ஒட்டும் பகுதி: 36 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு முடிச்சு. அதன் தட்டையான முகத்தில் வரிசையாக நிற்கும் மூன்று தைரோசின் வளையங்கள், செலுலோசின் தண்ணீர் ஒட்டாத முகத்தோடு தட்டுக்குத் தட்டாகப் படிகின்றன. மற்றது அறுக்கும் பகுதி. இரண்டையும் ஒரு மெல்லிய இழை இணைக்கிறது.

அறுக்கும் பகுதிக்குள் சுமார் 5 நனோமீற்றர் நீளமான சுரங்கம் உண்டு. சங்கிலியின் ஒரு நுனி பாயிலிருந்து கிளம்பி இதற்குள் நுழைய வேண்டும். உள்ளே இரண்டு குளுட்டமிக் அமிலங்கள் காத்திருக்கின்றன. ஒன்று புரோத்தனைக் கொடுத்துப் பிணைப்பைத் தளர்த்த, மற்றது அறுந்த முனையைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்கிறது. பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து அந்தப் பிடியை விடுவிக்கிறது. ஒவ்வொரு இரண்டாவது பிணைப்பு மட்டுமே சரியான முகத்தைக் காட்டுவதால், வெளியே விழுவது தனிக் குளுக்கோசு அல்ல, சோடி: செலோபயோசு. நொதியம் ஒரு நனோமீற்றர் நகர்ந்து அடுத்த சோடியை அறுக்கிறது.

செக்கனுக்குச் சுமார் 7 நனோமீற்றர் நகர்வதை 2011இல் யப்பானிய ஆய்வாளர்கள் அதிவேக அணுவிசை நுணுக்குக்காட்டியில் பார்த்தார்கள். ஒரு சென்ரிமீற்றர் ஓட வேண்டுமென்றால் 16 நாளுக்கு மேலாகும். வழியில் ஒன்று தடைப்பட்டால் பின்னால் வருபவையும் வரிசையாக நின்றுவிடுகின்றன. ஆகவே, என் கணக்கில், அறுப்பதைவிடச் சங்கிலியைக் கிளப்பி எடுப்பதுதான் பெரிய வேலை. நடுவில் வெட்டிப் புதிய நுனிகளை உண்டாக்க வேறு நொதியங்களும், செலோபயோசை உடைக்க இன்னொன்றும் தேவை. உடைக்காவிட்டால் தேங்கும் செலோபயோசே சுரங்கத்தை அடைத்துவிடும்.

வைக்கோலில் இதற்கும் முந்திய தடை இலிக்னின். அது நாரைச் சுற்றி மூடுவதோடு, வரும் நொதியங்களை வீணாக ஒட்டிப் பிடித்தும் வைக்கிறது. வாழைச்சேனைக் காகித ஆலை வைக்கோலைக் காரத்தில் அவித்து இலிக்னினைக் கழித்தது. வைக்கோலை மாட்டுக்குத் தீனியாகப் பதப்படுத்தும் பட்டிக்காரருக்கு அவ்வளவு கடுமையான காரம் வேண்டாம், யூரியா போதும்.

100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முற்றாகக் கரைத்துத் தெளித்து, மிதித்து, பொலித்தீனால் காற்றுப் புகாமல் மூடவேண்டும். வைக்கோலிலேயே உள்ள பற்றீரியாக்களின் யூரியேசு நொதியம் யூரியாவை அமோனியாவாக்குகிறது. அமோனியா இலிக்னினின் எசுத்தர் பிணைப்புகளைப் பிரித்து நாரை வீங்கச் செய்யும். நம் வெயிலுக்கு ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். திறக்கும்போது மஞ்சட்கபில நிறமும் மூக்கைத் துளைக்கும் நெடியும் இருந்தால் சரி. பொலித்தீனில் ஓட்டை இருந்தால் அமோனியா போய்ப் பூஞ்சணம் வந்திருக்கும். அந்தப் பகுதியை எறிந்துவிட வேண்டும். தண்ணீர் குறைந்தால் யூரியேசு வேலை செய்யாது; கரையாத யூரியாக் கட்டி மாட்டுக்கு நஞ்சு. கொடுக்குமுன் ஒரு மணித்தியாலமாவது காற்றாட விடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு வேண்டாம்.

மாட்டின் வயிற்றில் செலுலோசை அறுப்பவை பெரும்பாலும் பற்றீரியாக்கள். அவற்றுள் சில, பல நொதியங்களை ஒரே சட்டத்தில் கொளுவி நாரில் ஒட்டிக்கொள்கின்றன. அவை வேலை செய்ய வயிற்றின் பிஎச் (அமிலம் கூடக் குறையும் அளவு) 6க்குக் கீழே போகக் கூடாது. மிச்சச் சோற்றையும் அரிசிக் குருணலையும் வாளிக் கணக்கில் வைத்தால் மாப்பொருள் வேகமாகப் புளித்து அமிலமாகும். அப்போது எவ்வளவு நன்றாகப் பதப்படுத்திய வைக்கோலும் பாதி செரியாமல் சாணியோடு போய்விடும்.