முழங்கையில் கரண்ட் அடிப்பது ஏன்?

கதவு நிலையில் முழங்கையின் உட்பக்கம் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீரென்று கரண்ட் பாயும். வலிப்பது எலும்பல்ல, அல்நார் நரம்பு.

கழுத்தின் அடியிலுள்ள நரம்பு வேர்களில் கிளம்பி, மேற்கையில் எந்தத் தசைக்கும் கிளை கொடுக்காமல் இறங்கிவரும் இது, முழங்கையின் உட்புற எலும்பு முண்டுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் நுழைகிறது. அந்த இடத்தில் தோலும் மெல்லிய திசுவும்தான் அதற்குக் காவல். கையை லேசாக மடக்கி, முண்டுக்கும் முழங்கை முனைக்கும் நடுவே விரலை மெல்ல உருட்டினால் கயிறு போலத் தட்டுப்படும்.

கையை மடக்கும்போது நரம்பு இழுபடும், பள்ளமும் குறுகும். மணிக்கணக்கில் போனைக் காதில் வைத்திருப்பவர்களுக்கும் கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துத் தூங்குபவர்களுக்கும் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்துப்போவது இதனால்தான். ஐந்து விரலும் மரத்தால் வேறு காரணம் தேட வேண்டும். இரவில் முழங்கையைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டிக்கொண்டால் கை முழுக்க மடங்காது. ஆரம்ப நிலையில் பலருக்கு இதுவே போதும்.

மரத்துப்போவதைவிடப் பெரிய இழப்பு பிடிமானம். உள்ளங்கையின் சிறு தசைகளில் பெரும்பாலானவை இந்த நரம்பை நம்பியவை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலின் பக்கவாட்டுக்கும் நடுவே ஒரு தாளைப் பிடிக்கச் சொல்லி, இழுத்துப் பாருங்கள். நல்ல கையில் கட்டைவிரல் நேராக நின்று பிடிக்கும். நரம்பு கெட்டிருந்தால் நுனி மூட்டு தானாக மடங்கும். அந்த மடக்கும் தசைக்கு வேறு நரம்பு இருப்பதால் கை அதைத் துணைக்கு அழைக்கிறது. 1915இல் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஃப்ரோமான் விவரித்த சோதனை இது. சாவி திருப்புவது, சட்டைப் பித்தான் போடுவது எல்லாம் அடுத்துச் சிரமமாகும்.

நரம்பு அறுந்தால் தைத்த பிறகு நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தான் வளரும். முழங்கையிலிருந்து உள்ளங்கைத் தசைகளுக்கு 30 செ.மீ. என்றால் பத்து மாதம். அதற்குள் தசை சூம்பத் தொடங்கிவிடும்.

தொழுநோய்க் கிருமிக்கு உடலின் குளிர்ந்த பகுதிகள் பிடிக்கும். தோலையொட்டி ஓடும் இந்த நரம்பு வீங்கித் தடித்து, கடைசி இரு விரல்களும் கொக்கி போல மடங்குவது அதனால். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் கடைசியில், நன்றாக இயங்கும் வேறு தசையின் நாணை மாற்றிப் பொருத்தி அந்த விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். விரல் நிமிர்ந்தது; தொடுவுணர்ச்சி திரும்பவில்லை. சூடான டம்ளரைத் தொடுமுன் கண்ணால் பார்க்க அந்த நோயாளிகளைத் தனியே பழக்க வேண்டியிருந்தது.