இறக்குமதியால் வேலை போனால்: அமெரிக்காவின் டி.ஏ.ஏ. திட்டம்

மினசோட்டா மாநிலத்தின் மெசாபி மலைப்பகுதி இரும்புத்தாதுச் சுரங்கங்களில் ஒரு காலத்தில் இயந்திரத்தை ஓட்டுபவர் அதைப் பழுதுபார்க்கக் கூடாது. பழுதுபார்ப்பிலும் ஒருவருக்கு உரிய வேலையை இன்னொருவர் தொடக்கூடாது. தொழிற்சங்க ஒப்பந்தமே அப்படி. இயந்திரம் நின்றால், உரிய ஆள் வரும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் உருக்குத் தொழில் சரிந்தது. பிரேசில் தாது மலிவு விலையில் போட்டிக்கு வந்தது. சுரங்கங்கள் மூடப்படும் நிலை வந்ததும் சங்கம் விதிகளைத் தளர்த்தியது. ஓட்டுபவரே சின்னப் பழுதைச் சரிசெய்யலாம் என்றானது. சில ஆண்டுகளிலேயே உற்பத்தித்திறன் ஏறக்குறைய இரட்டிப்பானது.

நல்ல மாற்றம்தான். ஆனால் அதே தாதை எடுக்கப் பாதி ஆள் போதுமென்றால் மீதிப் பேர் எங்கே போவார்கள்?

இப்படி வேலை இழப்பவர்களுக்கு அரசு கைகொடுக்க வேண்டும் என்று 1950களிலேயே கேட்டவர் உருக்குத் தொழிலாளர் சங்கத் தலைவர் டேவிட் மெக்டொனால்ட். 1962இல் அது ‘வணிகச் சரிக்கட்டு உதவி’ (Trade Adjustment Assistance, சுருக்கமாக டி.ஏ.ஏ.) என்ற பெயரில் சட்டமானது. நிபந்தனைகள் கடுமையாக இருந்ததால் 1969 வரை ஒரு தொழிலாளிக்குக்கூட உதவி கிடைக்கவில்லை. 1974ஆம் ஆண்டு வணிகச் சட்டம்தான் கதவைத் திறந்தது.

2022 ஜூன் வரை தொழிலாளர்கள் குழுவாகவோ, அவர்கள் சார்பில் சங்கமோ, நிறுவனமோ தொழிலாளர் துறைக்கு மனு கொடுக்க முடிந்தது. வேலை போன ஓராண்டுக்குள் கொடுத்துவிட வேண்டியிருந்தது. ஆட்குறைப்புக்கு இறக்குமதி ஒரு முக்கியக் காரணமா என்று துறை விசாரித்தது. இங்கேதான் சிக்கல். விதி தளர்ந்து, இரண்டு பேர் வேலையை ஒருவரே பார்ப்பதால் வீட்டுக்குப் போனவர் விஷயத்தில், அதற்கும் இறக்குமதி ஒரு முக்கியக் காரணம் என்று தெரிய வேண்டியிருந்தது. விற்பனைக் கணக்கு நிறுவனத்திடம் இருந்தது. அதைத் துறையே கேட்டு வாங்கியது. சங்கம் இருந்த இடத்தில் மனு எழுத ஆளாவது இருந்தது.

மனு ஏற்கப்பட்டால் புதுத் தொழில் பயிற்சிக்கு அரசே செலவு செய்தது. பயிற்சியில் இருப்பவருக்கு, வழக்கமான வேலையின்மை உதவிக் காலத்தையும் சேர்த்து, 2015 விதிப்படி 130 வாரம் வரை வாரப் பணம் கிடைத்தது. 50 வயது தாண்டியவர் குறைந்த சம்பளத்தில் வேறு வேலையில் சேர்ந்தால், சம்பள வித்தியாசத்தில் பாதி கிடைத்தது. இரண்டாண்டில் அதிகபட்சம் 10,000 டாலர்.

2022 ஜூலை 1 முதல் புதிய மனுக்களுக்குச் சான்று தருவதில்லை, ஏனென்றால் சட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. அதற்கு முன் சான்று பெற்று வேலை இழந்தவர்களுக்கு மட்டும் உதவி தொடர்ந்தது. அப்புறம் இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்கு வாரப் பணமாக மிஞ்சியது மாநில வேலையின்மை உதவிதான்; மினசோட்டாவில் அது பொதுவாக 26 வாரம்தான்.