முறை விடுதல்: ‘டேர்ன் ஸ்கிப்’புக்கு வாய்க்கால் வரம்பில் கிடைத்த சொல்

போன சிறுபோகத்தில் ஒரு பின்னேரம். கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் வாய்க்கால் வரம்பில் இருந்தபடி அண்ணன் மகன் போனில் விளையாடிக்கொண்டிருந்தான். ஆளுக்கொரு முறையாகப் படை நகர்த்தும் விளையாட்டு. மறுபக்கத்தில் எந்த நாட்டுக்காரனோ தெரியாது. இவனுடைய முறை வந்தது. படை ஒன்றையும் தொடாமல், திரையின் மூலையில் இருந்த பொத்தானை அமத்திவிட்டுப் பேசாமல் இருந்தான்.

“ஏன்டா ஒண்டும் செய்யேல்ல?”

“டேர்னை ஸ்கிப் பண்ணிட்டன் சித்தப்பா. நான் ஆத்தைத் தாண்டப் போனா நடு ஆத்தில வச்சு அடிப்பான். அவன் தாண்டட்டும்.”

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வயல்காரர் வந்தார். “தம்பி, நான் புல்லுக்கு மருந்தடிச்சனான். இண்டைக்கு என்ர முறையை விடுறன், நீங்கள் மடையைத் திறவுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார். தேடிய சொல் காலடிக்கே வந்துவிட்டது.

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோக நெல் செய்யும் எவருக்கும் ‘முறை’ என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை. குளத்தில் இருக்கும் தண்ணீரைப் பார்த்து, இன்ன நாள் இன்ன வாய்க்காலுக்கு என்று பிரித்துவிடுவார்கள். அது அவரவர் முறை. களைக்கு மருந்து அடித்த வயலில் உடனே தண்ணீர் பாய்ந்தால் மருந்து கழுவுப்பட்டுப் போகும். அதனால் அந்த மனிதர் தன் முறையை மறக்கவில்லை, இழக்கவும் இல்லை. கணக்குப் பார்த்துத்தான் முறையை விட்டார். ஆற்றங்கரையில் படையை நிறுத்திய பெடியன் செய்ததும் அதேதான்.

இப்போது ஆங்கிலச் சொற்களைப் பார்ப்போம். ‘ஸ்கிப்’ என்பதன் அடிப்பொருள் துள்ளுதல், தாவுதல். கயிறடிப்பதை ஸ்கிப்பிங் என்பதும் அதனால்தான். ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போவது என்ற பொருள் பிறகு வந்தது. முறை விடுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு சொல்லான ‘பாஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர், காலடி என்று பொருள்படும் ‘பாஸுஸ்’ என்ற இலத்தீன் சொல். முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுகிறவர்களுக்குப் பாஸ் பழகிய சொல்தான். முதல் நாலு சீட்டைப் பார்த்துக் ஏலம்போலக் கேள்வி கேட்கும்போது, கையில் நல்ல சீட்டு இருந்தும் பாஸ் சொல்லி எதிராளியைக் கேட்கவிட்டு மாட்டவைக்கிற கெட்டிக்காரர் உண்டு. ஆனாலும் வன்னியில் இந்தச் சொல்லை நான் விரும்பிச் சொல்லமாட்டேன். போர்க்காலத்தில் இங்கிருந்து வெளியே போகப் பாஸ் என்ற அனுமதிச்சீட்டு எடுக்க அலைந்தவர்கள் எங்கள் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். பரீட்சையில் தேறுவதும் பாஸ்தான். ஒரு சொல்லுக்கு இவ்வளவு சுமை போதும்.

முறை விடுவது எல்லா ஆட்டத்திலும் ஒரே மாதிரி இல்லை. பலகையில் கல் வைத்து ஆடும் கோ ஆட்டத்தில் எப்போது வேண்டுமானாலும் விடலாம். இருவரும் அடுத்தடுத்து விட்டால் ஆட்டம் முடிந்தது. அதேபோல இன்னொரு பலகை ஆட்டமான ஒதெல்லோவில் காய் வைக்க இடமே இல்லாதபோதுதான் விடமுடியும். சதுரங்கத்தில் விடவே முடியாது. அங்கே ஒரு வேடிக்கையான இக்கட்டு வரும்: எதை நகர்த்தினாலும் நட்டம், சும்மா இருந்தால் தப்பலாம், ஆனால் சும்மா இருக்க அனுமதி இல்லை. இதற்கு ஜெர்மானியர் வைத்த பெயர் ‘சுக்ஸ்வாங்’. ‘சுக்’ என்றால் நகர்வு, ‘ஸ்வாங்’ என்றால் கட்டாயம். 1923இல் கோபன்ஹேகனில் சேமிஷும் நிம்சோவிச்சும் ஆடிய ஆட்டம் இதற்குப் பேர்போனது. பலகையில் காய்கள் நிறைந்திருக்கும்போதே நல்ல நகர்வு எதுவும் இல்லாமல் சேமிஷ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

சதுரங்கம் ஆடும் கணினி நிரல்கள் இதை இன்னொரு விதமாகப் பயன்படுத்துகின்றன. என் முறையை விட்டுவிட்டேன் என்று நிரல் ஒரு கணம் பாவனை செய்யும். விட்ட பிறகும் தன் நிலை பலமாகவே இருந்தால், அந்தக் கிளையை அதற்குமேல் ஆழமாகத் தேடாது. நேரம் மிச்சம். ஆனால் சுக்ஸ்வாங் நிலைகளில் இந்தக் குறுக்குவழி ஏமாற்றிவிடும், ஏனென்றால் அங்கே விடுவதுதான் எல்லா நகர்வையும்விட நல்லது. விடுவதற்கு எவ்வளவு பெறுமதி என்பதை எனக்கு நன்றாக விளங்கவைத்தது இதுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘முறை’ என்பதற்குள் ஒழுங்கு, நீதி, உறவு, தடவை எல்லாம் அடங்கும். விட்டு விட்டு வரும் காய்ச்சலை முறைக்காய்ச்சல் என்பார்கள். மலேரியா அடித்த காலத்து வன்னிக்கு அது நன்றாகத் தெரிந்த சொல். அதோடு எந்த வினையைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. சிலர் ‘முறை தவறுதல்’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது பிழையாகவே படுகிறது. ‘முறை தவறியது’ என்றால் தவறியது முறை. ஆடுகிறவன் அந்த வசனத்திலேயே இல்லை. போதாக்குறைக்கு ‘முறைதவறிய’ என்றால் ஒழுக்கம் கெட்ட என்ற பொருளும் வந்து நிற்கும். ‘முறையை விட்டேன்’ என்னும்போது விட்டவன் நான், தெரிந்தே விட்டேன். ‘வேண்டுமென்றே’ என்று தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. நெட் போய் முறை போய்விட்டால் ‘முறை தவறிப்போச்சு’ என்று சொல்லுங்கள், அதற்கு அது சரி.

‘ஒடுக்கம்’ என்றும் நினைத்துப் பார்த்தேன். ஊக்கமுடையவனின் ஒடுக்கத்தை, பாய்வதற்காகப் பின்வாங்கும் ஆட்டுக்கடாவோடு ஒப்பிடுகிறது குறள். பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் ஒடுக்குமுறை என்ற சொல்லோடு வாழ்ந்த காதுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும்.

அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது. ‘விடுமுறை’ என்பதில் இருப்பதும் இதே இரண்டு சொல்தான்! விடு, முறை, ஊறுகாய் போல ஒரு வினைத்தொகை. வழமையாக வரும் முறையை விட்ட நாள் விடுமுறை. பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த சொல்லைத் திருப்பிப் போட்டால் முறைவிடுதல் கிடைக்கிறது.

தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும், கொடுத்த நேரம் முழுவதையும் ஓடவிட்டு எதிராளியைச் சலிக்கவைப்பவர்களும் இருக்கிறார்கள். அது முறை விடுதல் அல்ல, இழுத்தடித்தல். இரண்டையும் கலக்கக்கூடாது.

இன்னொன்றும் வேறு. 1999இல் வந்த ஹீரோஸ் ஒஃப் மைட் அண்ட் மேஜிக் என்ற கணினி விளையாட்டின் மூன்றாம் பாகத்தில், ஒரு படை தன் முறையை விடாமல், அதே சுற்றில் பிறகு ஆடலாம் என்று தள்ளிவைக்க ஒரு பொத்தான் உண்டு. அதற்கு ‘காத்திரு’ என்று போடலாம். நான் என்றால் ‘பொறு’ என்றுதான் போடுவேன். எங்கள் ஊரில் நாளுக்கு நூறு தரம் சொல்கிற சொல் அது. பக்கத்தில் ‘முறை விடு’ என்று இன்னொரு பொத்தான். சின்னத் திரையிலும் இரண்டும் அடங்கும்.