கட்டடம் எழும்பிய பிறகு வழக்கு நிலைக்குமா?

கொழும்பின் வெள்ளவத்தையில் அல்லது கொட்டாஞ்சேனையில் பக்கத்துக் காணியில் தொடர்மாடி எழும்புகிறது. அனுமதிப்பத்திரம் சட்டப்படி வழங்கப்படவில்லை என்று அயலவர்கள் வழக்குப் போடுகிறார்கள். வழக்கு நடக்கும்போதே அது பயனற்றதாகிவிடலாம் என்பதைப் பலர் தாமதமாகத்தான் அறிகிறார்கள்.

1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் 1982ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதிப்பத்திரம் இன்றிக் கட்டட வேலை செய்யக்கூடாது. அந்த அனுமதியை இரத்துச் செய்விக்க, அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின் கீழ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) மனுத் தாக்கல் செய்யலாம். இந்த நிவாரணம் நீதிமன்றத்தின் தற்றுணிபுக்கு உட்பட்டது. ஆணை பிறப்பித்தும் பயனில்லை என்று கண்டால், சட்டப்பிழை இருந்தாலும் மறுக்கலாம்.

வேலை தொடங்காமலே அனுமதி காலாவதியானால், அல்லது வழங்கிய நிறுவனமே அதை மீளப்பெற்றுக்கொண்டால், இரத்துச் செய்ய எதுவும் மிஞ்சாது. அதில் சிக்கல் இல்லை. ஆபத்தானது வேறொன்று: வழக்கு நடுவில் இருக்கும்போது உரிமையாளர் வரைபடத்தைத் திருத்திப் புதிய அனுமதி பெற்றுவிடுவது. மனு பழைய பத்திரத்தை மட்டுமே தாக்கினால், புதியது தொடப்படாமல் நிற்கும். திருத்திய அனுமதி பற்றித் தெரிந்தவுடனேயே மனுவைத் திருத்த அனுமதி கேட்கும்படி சட்டத்தரணியிடம் சொல்ல வேண்டும். இதை எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்.

கட்டடம் முடிந்துவிட்டது என்பதாலேயே வழக்கு சாவதில்லை. பத்தரமுல்லை வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கில் கோல்ஃப் மைதானம் இயங்கிக்கொண்டிருந்த நிலையிலும், 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் காணியை அரசிடம் திருப்பி ஒப்படைக்கச் செய்தது. ஆனால் அது பொதுக் காணி பற்றிய அடிப்படை உரிமை வழக்கு. தனியார் தொடர்மாடிக்கு அதே முடிவை எதிர்பார்க்க முடியாது. வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்களின் நிலையையும் நீதிமன்றம் எடைபோடும். அவர்களைத் தரப்பினராகச் சேர்க்காதது மனுவுக்கே பாதகமாகலாம். 2004இல் தெற்கு அதிவேக வீதி வழக்கில், பாதிக்கப்பட்டவர்களின் கருத்தைக் கேட்காதது தவறு என்று கண்ட உயர் நீதிமன்றம், வீதியின் பாதையை மாற்றாமல் நட்டஈடு வழங்கியது. நிவாரணம் இப்படி உருமாறியும் வரலாம்.

ஆகவே இடைக்காலத் தடையுத்தரவை முதல் நாளிலேயே கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் ஒவ்வொரு தட்டும் உங்களுக்கு எதிராகவே எழும்பும். எழுத்தாணை மனுவுக்கு நிலையான காலக்கெடு இல்லை என்றாலும் நியாயமற்ற தாமதம் மட்டுமே தோல்விக்குப் போதும். அடிப்படை உரிமை மனுவுக்கோ ஒரு மாதமே அவகாசம். அனுமதிப்பத்திரப் பிரதியை 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கோரலாம். முடிவெடுக்க அதிகாரிகளுக்கு 14 வேலை நாட்கள் உண்டு. அத்திவாரம் வெட்டும்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அனுமதி சரியாக இருந்தும் கட்டியது அதற்கு மாறாக இருந்தால் பாதை வேறு. நகர அபிவிருத்தி அதிகார சபைக்கோ மாநகர சபைக்கோ எழுத்தில் முறையிடுங்கள். வேலையை நிறுத்தும்படி நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ் அறிவித்தல் கொடுக்கவும், அதை மீறினால் இடிப்பதற்கு நீதவான் நீதிமன்றத்தில் உத்தரவு கோரவும் அதிகாரம் உண்டு. முறைப்பாட்டின் பிரதியையும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டையும் வைத்திருங்கள்.