ரிசீவரின் முதுகைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

காரைக்குடியிலும் சுற்று ஊர்களிலும் வீடுகளுக்கு ஆடியோ சிஸ்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும்: "தம்பி, சிங்கப்பூர்லேர்ந்து மகன் ரிசீவர் வாங்கியாந்திருக்கான். முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு மூணுலயும் பாட்டு கேக்கணும். ஆச்சி பாடுறதயும் பதியணும்."

ரிசீவர் என்பது டிவி, சிடி எல்லாவற்றின் சத்தத்தையும் வாங்கிப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி. முகப்பு வீட்டின் முன்பகுதி, வளவு நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி, ரெண்டாங்கட்டு அதற்கும் பின்னால். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது அதன் முதுகை. முன்பக்கம் வாட்ஸ், சேனல் என்று எத்தனை எண்கள் மின்னினாலும் நமக்கு வேண்டிய விஷயம் பின்னால்தான் இருக்கிறது. மின்சார அளவும் அங்கேதான் எழுதியிருக்கும். சிங்கப்பூர் பெட்டி 230 வோல்ட், கவலையில்லை. அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட் மட்டும் என்றால் நேராகச் செருகிவிடாதீர்கள், புகைதான் வரும்.

பதிவு செய்ய 'ரெக் அவுட்' அல்லது 'டேப் அவுட்' என்ற சிவப்பு, வெள்ளைத் துளைகள் வேண்டும். வால்யூமைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதில் வரும் அளவு மாறாது. பதிவுக்கு அதுதான் வசதி. புது மாடல்கள் பலவற்றில் இந்தத் துளையே இல்லை. துளை இருந்தாலும் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. பல ரிசீவர்களில் அனலாக் ஒயர், அதாவது சிவப்பு, வெள்ளை ஒயர், வழியாக உள்ளே வந்த சத்தம் மட்டும்தான் அதில் வெளியே வரும். ஹெச்டிஎம்ஐ, ஆப்டிகல் போன்ற டிஜிட்டல் ஒயர் வழியாக வந்தது ஸ்பீக்கரில் கணீரென்று கேட்கும். ரெக் அவுட்டில் பேச்சு மூச்சு இருக்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் முன்னோர்களுக்குச் செய்யும் படைப்புக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். ஆச்சிக்குத் தொண்ணூறை நெருங்கும் வயது. பழைய தாலாட்டுகள் அவருக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். மைக்கை லேப்டாப்பில் கொடுத்து, அங்கிருந்து ஹெச்டிஎம்ஐயில் ரிசீவருக்குக் கொண்டுபோய், ரெக் அவுட்டில் ரெக்கார்டரை மாட்டினேன். வளவு முழுக்க ஆச்சி குரல். ரெக்கார்டரில் நேரம் ஓடுகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. லெவல் காட்டும் பட்டை மட்டும் அசையவில்லை. அதை நான் பார்க்கவில்லை. நாற்பது நிமிடம் வெறும் மௌனம் பதிவானது. பேரன் போனில் எடுத்த துண்டு ஒன்றுதான் மிச்சம். அதிலும் பாதியில் பாத்திரம் விழுகிறது. "போகுது விடுங்க தம்பி" என்றார் ஆச்சி. நான் கூலி வாங்கவில்லை.

இப்போது மைக்கை ஒரு சின்ன ஆடியோ மிக்சரில் கொடுத்து, அதன் வெளியீட்டை ரிசீவரின் சிடி துளையில் அனலாக்காகவே செருகுகிறேன். ரெக்கார்டரை மிக்சரிலேயே மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. ரெக்கார்டரின் லெவல் பட்டையில் உச்சச் சத்தம் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் நின்றால் போதும். சிடி தரத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 635 எம்பி வரும், பென்டிரைவே தாங்கும். முதல் ஒரு நிமிடத்தைப் பதிந்து, திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஆச்சியைப் பாடச் சொல்வேன். இன்னொன்று: ரிசீவரோடு வரும் குட்டி மைக் ஸ்பீக்கர்களை அளந்து சரிசெய்யத்தான். அதில் பாட முயன்றவர்களை இந்த ஊரில் மூன்று வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அடுத்தது பல அறைகளில் கேட்பது. 'ஜோன் 2' (இன்னொரு அறைக்குத் தனியாகச் சத்தம் அனுப்பும் வசதி) என்று போட்டிருந்தாலும் அதே சூட்சுமம்தான்: பல மாடல்களில் செட்டாப் பாக்ஸின் ஹெச்டிஎம்ஐ சத்தம் இரண்டாம் கட்டுக்குப் போகாது. செட்டாப் பாக்ஸில் சிவப்பு, வெள்ளைத் துளை இருந்தால் ஹெச்டிஎம்ஐயோடு அந்த ஒயரையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஜோன் வசதி இல்லாமல் ஒரே துளையில் நாலு ஸ்பீக்கரை முறுக்கி மாட்டும் பழக்கம் வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம், நாலு போட்டால் 2 ஓம். ஓம் குறையக் குறைய ரிசீவருக்குச் சுமை கூடும். ரிசீவர் கொதித்து, 'ப்ரொடெக்ட்' காட்டி அணைந்துவிடும். அணைந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்ல வேண்டும்.

நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு ஒயர் 30 மீட்டர் சாதாரணமாகப் போகும். கடையில் கொடுக்கும் 0.75 ஸ்கொயர் எம்எம் ஒயரில் அந்தத் தூரத்துக்கு, போக வர, 1.4 ஓம் தடை சேர்கிறது. 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரில் 0.4 ஓம்தான். மாட்டிப் பார்த்தால் காதுக்கே தெரியும்.

வைஃபை ஸ்பீக்கர் வாங்கினால் ஒயரே வேண்டாமே என்பார்கள். அந்தத் தடிமன் சுவரைத் தாண்டி வைஃபை எவ்வளவு போகிறது என்று முதலில் போனை வைத்து நடந்து பாருங்கள். பெரும்பாலும் லேன் ஒயர் ஒன்றை இழுத்து, இரண்டாம் கட்டில் தனி ரவுட்டர் வைத்துத்தான் ஆகவேண்டும். எந்த ஒயரானாலும் சுவரைத் துளைக்காமல் நிலையோரமாகவே கொண்டுபோங்கள். முட்டை வெண்கரு சேர்த்துப் பூசிய சுவரை அதே வழவழப்போடு ஒட்டுப்போட இன்று ஆள் தேடி அலைய வேண்டும்.

எல்லாக் கட்டிலும் ஒரே சத்தத்தில் வைக்கச் சொல்பவர்களிடம் நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன். ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். 30 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் கிட்டத்தட்ட 90 மில்லி நொடி பிந்தி வரும். வளவுகள் திறந்து கிடப்பதால் ஒரே தவிலை இரண்டு பேர் அடிப்பது போல இருக்கும். போதாததற்கு ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சத்தத்தை எதிரொலிக்கும். ஒரு ஜமுக்காளத்தை விரித்து, தூரத்துக் கட்டின் வால்யூமைப் பாதியாக்குங்கள்.

விசேஷம் முடிந்து வீட்டைப் பூட்டும்போது ரிமோட்டில் அணைத்துவிட்டுப் போகாதீர்கள், அது வெறும் ஸ்டாண்ட்பைதான். பிளக்கையே கழற்றுங்கள். ரிமோட்டிலிருந்து பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் வந்து திறக்கும்போது கசிந்து பச்சை பூத்துக் கிடக்கும், அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவீர்கள்.