டாட்டா சொன்னா கிளம்பிடணும்

"மிஸ், எங்க வீட்டுக்கு இப்ப யாருமே வர்றதில்ல மிஸ்." போன்ல அந்த அம்மா முதல்ல சொன்னது இதுதான். பொண்ணு கையில அடங்கல, என்ன பண்றதுன்னு தெரியலன்னெல்லாம் ஆரம்பிக்கல. பொண்ணுக்கு 22 வயசு, அறிவுசார் குறைபாடு, பேச்சு ரொம்ப கம்மி, மொத்தமே ஒரு பத்துப் பதினஞ்சு வார்த்தை இருக்கும், அதுவும் வீட்டு ஆளுங்களுக்குத்தான் புரியும். வீட்டுக்கு பொம்பளைங்க யாராவது வந்து உக்காந்தா நேரா போய் கொண்டையைப் பிடிச்சு இழுத்துருவா. ஒரு தடவை பெரியம்மா முறையில ஒருத்தருக்கு கொத்தா முடி கையோட வந்துருச்சு. அதுக்கப்புறம் யார் வந்தாலும் பொண்ணை உள் ரூம்ல விட்டு வெளிய தாப்பா போட்டுருக்காங்க, அவ உள்ள இருந்து கதவைப் போட்டு அடிக்க, வந்தவங்க அந்தச் சத்தத்துக்கே காபியைக் கீழ வெச்சுட்டு கிளம்பிடறாங்க.

நான் ஸ்பெஷல் எஜுகேட்டர். பதினாறு வருஷமா இதே வேலை. இந்த வீட்டைப் பத்தி எழுதலாமான்னு அவங்ககிட்ட கேட்டேன், சரின்னாங்க, அடையாளம் தெரியாத மாதிரி சில விஷயங்களை மாத்தி இருக்கேன்.

நம்மகிட்ட இந்த மாதிரி பிள்ளைங்களுக்குன்னு நிறைய வார்த்தை இருக்கு. அடம், பிடிவாதம், சேட்டை, முரட்டுத்தனம், திமிரு, "செல்லம் குடுத்தே கெடுத்துட்டீங்க". எல்லாமே பிள்ளைக்குள்ள என்ன இருக்குன்னு சொல்ற வார்த்தை. அடிக்கிறதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்ற வார்த்தை ஒண்ணுகூட இல்ல பாருங்க. பாசிட்டிவ் பிஹேவியர் சப்போர்ட்னு நாங்க சொல்றது பெரிய வித்தையெல்லாம் கிடையாது, அந்த ஒரு நிமிஷத்தைத் தேடுற வேலைதான். பேச்சு வராதவங்களுக்கு அடிக்கிறது, கடிக்கிறது, தலையை முட்டுறதுதான் பேச்சு. என்ன பேசுறாங்கன்னு கண்டுபிடிச்சுட்டா, அதையே யாருக்கும் வலிக்காம சொல்ல வேற வழி கத்துக் குடுக்கலாம்.

முதல் வேலை நோட்டுப் போடுறது. மூணு கட்டம். முன்னாடி என்ன நடந்துச்சு, அவங்க என்ன பண்ணாங்க, பின்னாடி என்ன நடந்துச்சு. எங்க ஆளுங்க இதை ஏபிசி சார்ட்னு சொல்லுவாங்க. இதைக் குடுத்தா பாதி வீட்டுல வெறும் நோட்டாத்தான் திரும்பி வரும், அதுக்காக நான் கோவிச்சுக்கறது இல்ல, அடுப்பு ஒரு பக்கம் மாமனார் ஒரு பக்கம்னு ஓடுற அம்மா எப்ப உக்காந்து எழுதுவாங்க. இந்த வீட்டுல காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன் இருந்தான், அவன் எழுத மாட்டேன்னுட்டான், ஆனா ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டு அனுப்பிடுவான். அது நோட்டை விட நல்லாவே இருந்துச்சு, ஏன்னா பின்னாடி டிவி சத்தமெல்லாம் கேக்கும்.

அவன்கிட்ட ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லியிருந்தேன். அக்கா ஒண்ணும் பண்ணாம இருந்த அன்னிக்கும் வாய்ஸ் போடணும். இதை நிறைய பேர் விட்டுடறாங்க, பிரச்சனை வந்தாத்தானே எழுதணும்னு நினைக்கிறாங்க. யாருமே வர்றதில்லன்னு அம்மா சொன்னாலும் மூணு வாரத்துல ஏழு பேர் வந்து உக்காந்துட்டுப் போயிருக்காங்க. தாப்பா போட வேண்டாம், தம்பி பக்கத்துலயே நிக்கட்டும்னு பேசி வெச்சிருந்தோம். நாலு தடவை முடியைப் பிடிச்சா, மூணு தடவை திரும்பிக்கூட பாக்கல. அந்த மூணுலதான் விஷயம் இருந்துச்சு. மகளிர் குழு அக்கா ஒருத்தர் காலைல பதினோரு மணிக்கு வந்து அரை மணி நேரம் உக்காந்து கணக்குப் பாத்துட்டுப் போயிருக்காங்க, பொண்ணு பேசாம சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. இன்னொரு நாள் சாயங்காலம் கரண்ட் இல்ல, பக்கத்து வீட்டம்மா வந்து பேசிட்டு இருந்தாங்க, அன்னிக்கும் ஒண்ணும் இல்ல. மூணாவது ஆள் வந்தப்ப தம்பி டிவியில மேட்ச் பாத்துட்டு இருந்தான்.

இந்நேரம் உங்களுக்கே புரிஞ்சிருக்கும். சாயங்காலம் ஆறரைக்கு மேல டிவி அவளோடது. பாட்டு சேனல், அப்புறம் சீரியல். வந்தவங்க முன்னாடி டிவி ஓடுனா மரியாதை இல்லன்னு அம்மா உடனே ஆஃப் பண்ணிடுவாங்க, அதை அவங்க பழக்கத்துல பண்றாங்க, பண்றோம்னே அவங்களுக்குத் தெரியல. இவ முடியைப் பிடிப்பா. வந்தவங்க அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடுவாங்க. அம்மா தலையில அடிச்சுக்கிட்டு "இந்தா, பாத்துத் தொலை"ன்னு டிவியைப் போட்டு விடுவாங்க. அவ பக்கத்துல இருந்து பாத்தா இதை விட உருப்படியான முறை ஒண்ணு சொல்லுங்க பாப்போம். ஒவ்வொரு தடவையும் வேலை செஞ்சிருக்கு.

ஒருத்தர் இப்படி நடந்துக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் நாலுக்குள்ள வந்துரும்னு எங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. யாராவது தன்னைக் கவனிக்கணும், ஒரு பொருள் வேணும், பிடிக்காத ஒண்ணுல இருந்து தப்பிக்கணும், இல்லன்னா அந்தச் செயலே உடம்புக்கு ஒரு சுகமாவோ நிம்மதியாவோ இருக்கு. 1985ல எட்வர்ட் கார், மார்க் டுராண்ட்னு அமெரிக்கால ரெண்டு பேர், காரணத்தைக் கண்டுபிடிச்சு அதே பலனைக் கேட்டு வாங்கக் கத்துக் குடுத்தா அடிக்கிறது, கடிக்கிறது குறையுதுன்னு காமிச்சாங்க. அதுக்கு முன்னாடி அங்க விடுதிகள்ல முகத்துல தண்ணியைப் பீய்ச்சுறது, கரண்ட் ஷாக் குடுக்கிறதுன்னு என்னென்னமோ ட்ரீட்மென்ட்ங்கிற பேர்ல நடந்திருக்கு. அதெல்லாம் வேண்டாம்னு எதிர்த்து வந்தவங்கதான் இந்த முறையை வளர்த்தாங்க. நம்ம ஊர்லயும் கால்ல சூடு வைக்கிறது, மிளகாய்ப் புகை காட்டுறதெல்லாம் நான் காதால கேட்டதுதான், அதனால அவங்களை மட்டும் சொல்லிட்டு நாம தப்பிச்சுக்க முடியாது.

நானே சொதப்பின கதை ஒண்ணு சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு, எட்டு வயசுப் பையன், மணி கோக்கக் குடுத்தா டப்பாவோட தூக்கி வீசுவான். நான் கண்டிப்பான மிஸ்ஸாச்சே, வீசுனா ஓரத்துல போய் அஞ்சு நிமிஷம் நில்லுன்னு அனுப்புவேன். ரெண்டு வாரத்துல ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வீசுனவன் ஏழு தடவை வீச ஆரம்பிச்சான். அவனுக்கு அந்த மணியே பிடிக்கல, விரல்ல பிடிப்பு கம்மி, ஊசியில நூலைக் கோக்கிற மாதிரி கஷ்டம் அவனுக்கு. வீசுனா அஞ்சு நிமிஷம் ரெஸ்ட். நான் தண்டனைன்னு நினைச்சுக் குடுத்தது அவனுக்கு இன்டர்வல். எங்க சீனியர் ஒருத்தர் பாத்துட்டு "அவன்தான் உன்னை ட்ரெயின் பண்ணிட்டு இருக்கான்"னு சொன்னாங்க. அப்புறம் பெரிய மணியா மாத்தி, மூணு கோத்ததும் கையைத் தூக்கி "போதும்"னு காமிச்சா எழுந்து போகலாம்னு வெச்சோம். வீசுறது குறைஞ்சுது, ஓரமும் காலியாச்சு.

சரி, நம்ம பொண்ணு கதைக்கு வருவோம். அவ கேக்கிறது ரெண்டே விஷயம். டிவி வேணும், நீங்க கிளம்புங்க. ரெண்டும் நியாயமான ஆசைதான், நமக்கும் சில சொந்தக்காரங்க வந்தா அப்படித் தோணும், நமக்கு நாசூக்காச் சொல்லத் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். முதல் விஷயத்தை நாங்களே சரி பண்ணிட்டோம், யார் வந்தாலும் டிவியை ஆஃப் பண்ண வேண்டாம், சத்தத்தை மட்டும் குறைங்க, வந்தவங்களை முடிஞ்சா திண்ணையில உக்கார வைங்கன்னு. அம்மாவுக்கு இது மனசே ஒப்பல. "வந்தவங்க என்ன நினைப்பாங்க மிஸ்?" முடியைப் பிடிச்சு இழுத்தப்ப என்ன நினைச்சாங்களாம்னு கேட்டேன், சிரிச்சுட்டாங்க.

ரெண்டாவதுக்கு டாட்டா. அவளுக்கு இருந்த பதினஞ்சு வார்த்தையில டாட்டா ஒண்ணு, கையும் ஆட்டுவா. அவ டாட்டா சொன்னா வந்தவங்க உடனே எழுந்து கிளம்பிடணும். ஊர்ல எல்லார்கிட்டயும் இதைச் சொல்ல முடியாதுல்ல, அதனால சித்தியை மட்டும் பிடிச்சோம். சித்தி வருவாங்க, உக்காருவாங்க, ரெண்டே நிமிஷம், அவ கை முடிக்குப் போறதுக்கு முன்னாடியே தம்பி பக்கத்துல இருந்து டாட்டா காமிப்பான், அவளும் ஆட்டுவா, சித்தி "சரிம்மா, வரேன்"னு எழுந்து வாசலைத் தாண்டிருவாங்க. ஒரு நாளைக்கு மூணு தடவை. தெருவுல பாக்கிறவங்களுக்கு சித்திக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு தோணியிருக்கும். ஒரு வாரத்துல தம்பி காமிக்காமலேயே அவளே சொன்னா. அப்புறம்தான் நேரத்தைக் கூட்டினோம், டாட்டா சொன்னதும் "இந்தக் காபியைக் குடிச்சுட்டு கிளம்பறேன்"னு சித்தி டம்ளரைக் காமிப்பாங்க, காலியானதும் எழுந்துருவாங்க. டம்ளர்தான் டைமர். வந்தவங்களுக்குத் தண்ணி கொண்டு வந்து குடுக்கிற வேலையையும் அவகிட்டயே குடுத்தோம், உள்ள அடைச்சு வெச்சிருந்த பொண்ணை இப்ப எல்லாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு "நல்லா இருக்கியா"ன்னு கேக்கிறாங்க.

நடுவுல ஒரு வாரம் படு மோசமா போச்சு. டாட்டா அர்த்தம் தெரியாத ஒருத்தர் வந்து உக்காந்துட்டாங்க, இவ நாலு தடவை சொல்லியும் எழுந்திருக்கல, பழையபடி முடி. அன்னிக்கு அம்மா போன்ல அழுதாங்க, இதெல்லாம் வேலைக்கு ஆகாது மிஸ்னு. ஒரு வழி திடீர்னு பலிக்கலன்னா யாரா இருந்தாலும் இன்னும் பலமாத்தான் முயற்சி பண்ணுவாங்க, லிஃப்ட் வரலன்னா பட்டனைப் போட்டு குத்துறோம்ல அது மாதிரி. அதை எதிர்பாத்து இருக்கணும். இன்னொண்ணு, வீட்டுல நாலு பேர் ஒரு மாதிரியும் பாட்டி வேற மாதிரியும் இருந்தா பழசு போகவே போகாது. பத்து தடவை அழுது ஒரு தடவை பிஸ்கட் கிடைச்சா போதும், பதினோராவது தடவையும் அழுவாங்க. லாட்டரிச் சீட்டு இப்படித்தான் வேலை செஞ்சுது, தினம் விழாததாலதான் தினம் வாங்கினாங்க. லாட்டரியை தமிழ்நாட்டுல 2003லயே தடை பண்ணிட்டாங்க, பாட்டியைத் தடை பண்ண முடியாது, உக்காந்து பேசத்தான் முடியும்.

ஒரு முக்கியமான விஷயம், இதை மேலயே சொல்லியிருக்கணும். பழக்கம் திடீர்னு மாறுனா நோட்டுக்கு முன்னாடி உடம்பைப் பாருங்க. பல்லு, காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், மாதவிடாய் வலி, தூக்கம், வலிப்பு, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை. என்கிட்ட வந்த ஒரு ஆட்டிசம் பையன் கன்னத்துல தானே அறைஞ்சுக்குவான், ஒரே பக்கம் மட்டும். மூணு மாசம் அதுக்கு பிஹேவியர்னு பேர் வெச்சு தெரபி நடந்திருக்கு, கடைசியில கடைவாய்ப் பல்லு சொத்தை. பல்லைப் பாத்த அன்னிக்கு அறையிறது நின்னுச்சு. வலிக்குதுன்னு சொல்லத் தெரியாத பிள்ளை வேற எப்படிச் சொல்லும்?

தாப்பா விஷயத்துக்கு வரேன். கட்டிப் போடுற, அடைச்சு வைக்கிற பெத்தவங்களைத் திட்டி எழுத எனக்கு மனசு வராது. துப்பட்டாவுல ஜன்னல் கம்பியோட கட்டிட்டு ரேஷன் கடைக்கு ஓடிட்டு வர்ற அம்மாவை எனக்குத் தெரியும், வெளிய விட்டா ரோட்டுக்கு ஓடிடுவான்னு பயம், பாத்துக்க ஆள் இல்ல. ஆனா அது எங்க போய் முடியும்னும் நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில மனநோயாளிகளைக் கட்டி வெச்சிருந்த ஒரு காப்பகத்துல தீப்பிடிச்சப்ப சங்கிலியில இருந்தவங்களால ஓட முடியல, 28 பேர் போயிட்டாங்க. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 95வது பிரிவுல சங்கிலி போடுறதை எந்த வடிவத்துலயும் கூடாதுன்னு எழுதியிருக்கு. அந்தச் சட்டத்துல மனநோய்ங்கிற வரையறைக்குள்ள அறிவுசார் குறைபாடு வராது, ஆனா கொடுமையா நடத்துறதுல இருந்து பாதுகாப்பு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துலயே இருக்கு. ஆஸ்திரேலியாவுல இப்படி ஒருத்தரைக் கட்டுப்படுத்துற முறைகளை அஞ்சா பிரிச்சிருக்காங்க, தனியா அடைக்கிறது, கையால அமுக்கிப் பிடிக்கிறது, பெல்ட் மாதிரி எதையாவது வெச்சுக் கட்டுறது, மருந்தால அடக்குறது, ஃப்ரிட்ஜைப் பூட்டுற மாதிரி பொருளையும் இடத்தையும் தடுக்கிறது. அந்தக் கடைசி ரெண்டைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு, நம்ம வீடுகள்ல அதை யாரும் கட்டிப் போடுறதாவே நினைக்கிறதில்ல.

அதுக்காக மாத்திரையே தப்புன்னு சொல்லல. முரட்டுத்தனத்தைக் குறைக்கக் குடுக்கிற ரிஸ்பெரிடோன் மாதிரி மருந்து சில பேருக்கு உண்மையாவே உதவுது, தேவைப்படுறவங்களுக்கு வேணும், டாக்டரைக் கேக்காம திடீர்னு நிறுத்தவும் கூடாது. ஆனா பசியும் வெயிட்டும் எப்படி ஏறுதுன்னு கேளுங்க, எதுக்காகக் குடுக்கிறாங்க, எப்ப குறைப்பாங்கன்னு கேளுங்க. டிவியை ஆஃப் பண்றதுக்கு மாத்திரையில மருந்து கிடையாது.

எங்க போறதுன்னு கேக்கிறவங்களுக்கு, சின்னப் பிள்ளைங்கன்னா மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கு, சென்னைப் பக்கம்னா முட்டுக்காட்டுல பல்வகைக் குறைபாடு இருக்கிறவங்களுக்கான மத்திய அரசு நிறுவனம் நிப்மெட் (NIEPMD). ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருக்கிறவங்களுக்கு மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டோட நிராமயா மருத்துவ இன்ஷூரன்ஸ் ஒரு லட்சம் வரைக்கும் உண்டு, தெரபி செலவுக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு, இது தெரியாமலேயே எத்தனையோ பேர் கையை விட்டுச் செலவு பண்றாங்க.

போன மாசம் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். சொல்லாமத்தான் போனேன், சாயங்காலம் ஏழு மணி, சீரியல் ஓடிட்டு இருந்துச்சு. அவதான் தண்ணி கொண்டு வந்து குடுத்தா. உள் ரூம் கதவுல தாப்பா இருந்த இடத்துல ரெண்டு ஆணி ஓட்டை மட்டும் இருந்துச்சு. அம்மா காபி போட்டுக் குடுத்துட்டு பக்கத்துல உக்காந்து தம்பி வேலை விஷயம் பேசிட்டு இருந்தாங்க, நானும் சுவாரசியமா கேட்டுட்டே இருந்துட்டேன் போல, டம்ளர் காலியானதைக் கவனிக்கல. அவ கவனிச்சுட்டா. டிவியில இருந்து கண்ணை எடுக்காம கையை மட்டும் தூக்கி, "டாட்டா".

அம்மா "ஏய், மிஸ்ஸுடி"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் பையை எடுத்துக்கிட்டு எழுந்துட்டேன்.